லாரித் தொழிலாளியின் கூலியும் ஏறும் விலைவாசியும்



பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், நாவின் சுவையை விட்டு வந்தோமில்லை. மும்பை மாதுங்காவில் வாழையிலை வாங்குகிறோம்; கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் தேடுகிறோம்; டில்லி கரோல்பாக்கில் இட்லிக்குப் புழுங்கலரிசி கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். நாம் மட்டுமா? நம்மைச் சூழ வாழும் பிற மொழியினரும் தமிழகத்துப் பண்டங்களை நாடோறும் பயன்படுத்துகின்றனர். விரத நாளில் மராட்டியக் குடும்பங்கள் சமைக்கும் சாபுதானா கிச்சடிக்குச் சேலத்து ஜவ்வரிசி வருகிறது. தீபாவளியன்று வடநாட்டுத் தெருக்களில் சிவகாசிப் பட்டாசு வெடிக்கிறது. எதிர்த் திசையில், நாசிக் மாவட்டத்து லாசல்கான் சந்தை வெங்காயம் தமிழ்நாட்டு அடுக்களைக்குப் போய்ச் சேர்கிறது. இவற்றையெல்லாம் இரவு பகல் பாராது கொண்டுவந்து சேர்ப்பவர் லாரி ஓட்டுநர். பண்டத்தின் விலை ஏறினால் நாம் கடைக்காரரைக் கேட்கிறோம்; அரசாங்கத்தைக் கேட்கிறோம். அதைச் சுமந்து வந்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, அந்தக் கூலி அவர் வீட்டு அடுப்பெரியப் போதியதா என்று கேட்பது அரிது. அக்கேள்வியை இன்று நாம் எடுத்துக்கொள்வோம்.

இது நமக்கு அயலார் விஷயமும் அன்று. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் பெயர் இந்திய நெடுஞ்சாலைகளில் எல்லாம் தெரிந்த பெயர். சரக்கு லாரி, எரிவாயு டாங்கர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி என்று பல வகை ஊர்திகள் அப்பகுதியிலிருந்து நாடெங்கும் செல்கின்றன. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் நாமக்கல் பேர்பெற்றது. நவி மும்பையின் கலம்போலியிலும், டில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரிலும் தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய லாரிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். நம்மில் சிலர் அத்தகைய லாரி செட்டுகளில் கணக்கெழுதுகிறோம். சிலர் அருகிலேயே மெஸ் நடத்துகிறோம். இன்னும் சிலர் வீட்டில் தமையனோ மைத்துனனோ ஸ்டியரிங் பிடிப்பவராக இருக்கிறார். ஆதலின் இக்கணக்கு நம் வீட்டுக் கணக்கே.

முதலில், லாரி ஓட்டுநரின் கூலி என்பது யாது? ஆலைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று உண்டு. அதனோடு அகவிலைப்படி உண்டு. முன்னாளில் அதனைப் பஞ்சப்படி என்றே வழங்கினர். விலைவாசி ஏறினால் படியும் ஏறும். லாரித் தொழிலில் பல இடங்களில் நடைமுறை வேறு. மாதச் சம்பளம் என்று ஒரு சிறு தொகை எழுதப்படுகிறது. அதன்மேல் நடைக்கு இவ்வளவு என்றோ, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றோ, வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்றோ பேட்டா தரப்படுகிறது. வழிச்செலவுக்கென்று முன்பணமாகக் கொடுத்த தொகையில் சிக்கனம் செய்து மிச்சம் பிடித்தால், அதுவும் சில இடங்களில் ஓட்டுநருக்கு உரியது. ஆக, சம்பளம், பேட்டா, மிச்சம் என்ற மூன்று கிளைகளில் அவருடைய வருமானம் தொங்குகிறது. இம்மூன்றில் விலைவாசியோடு தானாக ஏறக்கூடியது ஒன்றும் இல்லை. பேட்டாவை உயர்த்துவதென்றால் உரிமையாளரும் ஓட்டுநரும் பேசித்தான் தீர வேண்டும். வாடகையில் பங்கு என்றாலோ, வாடகை ஏறாதபோது பங்கும் ஏறுவதில்லை.

விலைவாசியோ எவரையும் கேட்டு ஏறுவதன்று. அதனை அளப்பதற்கு நம் நாட்டில் ஓர் அளவுகோல் உண்டு. ஆலைத் தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று அதற்குப் பெயர். மத்திய அரசின் தொழிலாளர் துறையைச் சார்ந்த லேபர் பீரோ அதனை மாதந்தோறும் கணித்து வெளியிடுகிறது. 88 தொழில் மையங்களில் அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, வீட்டு வாடகை, மருந்து, பள்ளிச் செலவு முதலியவற்றின் விலையைத் திரட்டி, 2016ஆம் ஆண்டின் விலை நிலையை 100 எனக் கொண்டு கணக்கிடுகின்றனர். இக்குறியீடு 2020 டிசம்பரில் 118.8 ஆக இருந்தது. 2024 டிசம்பரில் 143.7 ஆயிற்று. நான்கே ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 விழுக்காடு உயர்வு.

இதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு நெடுந்தூர நடைக்கு 2020 டிசம்பரில் 6,000 ரூபாய் பேட்டா பேசியதாக வைத்துக்கொள்வோம். அதே தொகையில் அன்று வாங்கிய அளவு பண்டத்தை 2024 டிசம்பரில் வாங்குவதற்குச் சுமார் 7,260 ரூபாய் வேண்டும். பேட்டா 6,000 ரூபாயாகவே நின்றிருந்தால், அது குறைக்கப்படவில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. எண் மாறவில்லை, அதன் மதிப்பு நூற்றுக்கு 83 ஆகச் சுருங்கிவிட்டது. சம்பளத்தைக் குறைக்கிறேன் என்று எவரும் சொல்லாமலே சம்பளம் குறைகிறது. இப்படி ஓசையின்றி நிகழும் குறைப்பை எதிர்த்து வாதாடுவது கடினம். ஏனெனில் குறைத்தவர் என்று சுட்டிக் காட்ட எவரும் எதிரில் இல்லை.

ஓட்டுநர் குடும்பத்தின் செலவில் இன்னொரு விசேஷம் உண்டு. மற்றவர் வீட்டில் ஓர் அடுப்பு; அவர் வாழ்க்கையில் இரண்டு அடுப்பு. ஊரில் மனைவி மக்களுக்காக ஒன்று எரிகிறது. வழியில் தாபாவிலோ ஓட்டலிலோ அவருக்காக மற்றொன்று எரிகிறது. காலைத் தேநீர், இருவேளை உணவு, குளிப்பதற்குக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், கைப்பேசிக்கு மாதக் கட்டணம் ஆகிய யாவும் கையிலிருந்து போகின்றன. முன்பெல்லாம் கிளீனர் ஒருவர் கூட இருப்பார். சாலையோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்துக் குழம்பு கூட்டுவார். இப்போது செலவைக் குறைக்கும்பொருட்டுப் பல லாரிகள் கிளீனர் இன்றியே ஓடுகின்றன. சமைப்பதற்கும் ஆளில்லை, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வதற்கும் ஆளில்லை. ஓர் ஆளின் கூலியை மிச்சப்படுத்தியதில் மற்ற ஆளின் வேலையும் செலவும் ஒருங்கே கூடின.

உரிமையாளர் பக்கத்தையும் நாம் நடுநிலையோடு பார்த்தல் வேண்டும். லாரி உரிமையாளர் என்றவுடன் பெருஞ்செல்வர் ஒருவரை நினைத்துக்கொள்வது தவறு. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி ஐந்து வண்டிக்கும் குறைவாக உடைய சிறு உரிமையாளர்களுடையது. அவர்களில் பலர் நேற்றுவரை ஓட்டுநராக இருந்து, கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள். அவர்கள் கைக்கு வரும் வாடகையிலிருந்து முதலில் டீசலுக்குக் கொடுக்க வேண்டும். 2014 அக்டோபரில் டீசல் விலை மீதிருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை நிர்ணயிக்கும் முறை வந்தது. பிறகு சுங்கச்சாவடிக் கட்டணம், டயர், காப்பீட்டுத் தொகை, மாதத் தவணை என்று வரிசை நீளுகிறது. இவற்றில் எதனையும் கடன் சொல்லித் தள்ளிப்போட இயலாது. டீசல் பங்க் காத்திருக்காது. தவணை வசூலிப்பவரும் காத்திருக்கமாட்டார். காத்திருக்கக் கூடியவர் ஓட்டுநர் ஒருவரே. ஆகவே எல்லாம் போக எஞ்சியதே அவர் கூலி ஆகிறது.

வாடகையை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனி ஒன்று. அதன் வாயிலில் லோடு கேட்டு நிற்கும் சிறு உரிமையாளர் பலர். இடையே புரோக்கர். ஒருவர் ஒத்துக்கொள்ளாத வாடகையை அடுத்தவர் ஒத்துக்கொள்கிறார். மேலும், சரக்கை இறக்கிய ஊரில் திரும்புவதற்கு லோடு கிடைக்காவிட்டால், வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதைவிடக் குறைந்த வாடகைக்கேனும் ஏற்றி வருவோம் என்ற நிலை. இவ்வாறு மேலே நெருக்கும் பளு படிப்படியாக இறங்கி, அடியில் இருப்பவர் தோளில் வந்து அமர்கிறது.

கூலி போதாதபோது மனிதன் என்ன செய்வான்? நேரத்தைக் கூட்டுவான். நாமக்கல்லிலிருந்து டில்லிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி, ஊர் நெரிசலையும் மேடு பள்ளங்களையும் கணக்கில் கொண்டால், மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் 400 கிலோமீட்டர் ஆகும்; டில்லி சேர ஆறு நாள். சரக்கு நான்கு நாளில் வந்தாக வேண்டுமென்று சொல்லி ஒரே ஓட்டுநரை அனுப்பினால், அவர் நாளொன்றுக்கு 600 கிலோமீட்டர், அதாவது 15 மணி நேரம் ஸ்டியரிங் முன் அமர வேண்டும். நடைக்குப் பேட்டா என்று பேசியிருப்பதால், விரைவில் முடித்தால் அடுத்த நடை கிடைக்கும் என்ற ஆசையும் அவரைத் தூண்டுகிறது. தூக்கத்தை விற்றுத்தான் அவர் விலைவாசியை ஈடு செய்கிறார். அந்த வியாபாரத்தில் அவர் உயிர் மட்டுமன்று, எதிரே வருபவர் உயிரும் பணயமாகிறது.

இதனைத் தடுப்பதற்கென்றே 1961ஆம் ஆண்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அச்சட்டத்தின் பொது விதி. நெடுந்தூர வழிகளில், உரிய அனுமதி பெற்று, நாளொன்றுக்கு 10 மணி வரையிலும் வாரத்துக்கு 54 மணி வரையிலும் செல்லலாம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது. இடையே அரைமணி ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒருநாள் விடுமுறை. நல்ல சட்டமே. ஆயினும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்கே அது பொதுவாகப் பொருந்தியது. நாம் முன்னரே கண்டபடி, லாரிகளில் பெரும்பகுதி சிறு உரிமையாளர் கையில் உள்ளது. குடை விரிந்தது, ஆனால் நனைந்தவர் பலர் குடைக்கு வெளியே நின்றனர்.

காத்திருப்பு என்ற மற்றொரு விஷயமும் உண்டு. கிடங்கின் வாயிலில் இறக்குவதற்கு இடமில்லை என்று ஒருநாள், இருநாள் லாரி நிற்பது வழக்கம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் வேலை நேரத்துக்கு வரையறை கூறுகையில், முனையங்களில் 15 நிமிடத்துக்குக் குறைவான வெறும் காத்திருப்பையே பெயர் சொல்லிச் சேர்த்தது. நாள் கணக்கான காத்திருப்பில் வண்டியை விட்டு அகலவும் முடியாது. உறங்கினால் டீசலும் தார்ப்பாயும் களவு போகும் என்ற அச்சம். நடைக்குப் பேட்டா பெறுபவருக்கு அந்நாள்கள் வருமானமற்ற நாள்கள். பசி மட்டும் விடுமுறை எடுப்பதில்லை.

சட்ட நிலை இப்போது மாறியுள்ளது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும், 1961ஆம் ஆண்டின் மோட்டார் தொழிலாளர் சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைச் சட்டத் தொகுப்பிலும் அடக்கப்பட்டன. இவை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இவற்றில் நன்மையும் உண்டு. கவலைக்கு இடமும் உண்டு. குறைந்தபட்சக் கூலி என்பது இனி எல்லாத் தொழிலுக்கும் உரியது. அதனை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். மிகைநேர உழைப்புக்கு இருமடங்குக் கூலி தரப்பட வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் கைக்கு வர வேண்டும். இவை நன்மைகள். ஆனால் பணிநிலைமைத் தொகுப்பு பத்துத் தொழிலாளர் உள்ள மோட்டார் நிறுவனத்துக்கே பொருந்துவதாக அமைந்தது. முன்பு ஐந்து, இப்போது பத்து. சிறு உரிமையாளரிடம் வேலை செய்பவர் முன்னைவிட வெளியே தள்ளி நிற்கிறார்.

இனி, நம் இல்லத்துப் பெண்டிர் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்வோம். வேலையின்போது விபத்தில் ஓட்டுநர் உயிரிழந்தால், அவருடைய மாத ஊதியத்தில் பாதியை எடுத்து, வயதுக்கேற்ப வகுக்கப்பட்ட ஓர் எண்ணால் பெருக்கி நஷ்டஈடு கணக்கிடுவர். 40 வயது நிறைந்தவருக்கு அந்த எண் 184.17. இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 40; இருவரும் மாதம் 20,000 ரூபாய் பெறுகின்றனர். ஒருவருக்குச் சம்பளம் 14,000, பேட்டா 6,000 என்று கணக்கு. மற்றவருக்குச் சம்பளம் 7,000, பேட்டா 13,000. பேட்டாவைச் செலவுக்கான படி என்று ஒதுக்கிவிட்டால், முதலாமவர் குடும்பத்துக்கு 12,89,190 ரூபாய் வரும். இரண்டாமவர் குடும்பத்துக்கு 6,44,595 ரூபாயே வரும். உழைப்பு ஒன்று, வருமானம் ஒன்று, துயரமும் ஒன்று. ஏட்டில் எழுதிய விதத்தால் ஈடு பாதியாயிற்று. படிகளின் பங்கு மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட பகுதியை ஊதியத்தோடு சேர்த்து எண்ண வேண்டுமென்பது புதிய தொகுப்புகளின் விதி. அதன்படி இரண்டாமவர் ஊதியம் 10,000 எனக் கொள்ளப்பட்டு, ஈடு 9,20,850 ரூபாய் ஆகும். முன்னைக்கு இது மேல் என்றாலும், முதலாமவரோடு ஒப்பிட்டால் இன்னும் 3,68,340 ரூபாய் குறைவு.

இந்த நஷ்டஈட்டு உரிமைக்கு ஐந்து பேர், பத்துப் பேர் என்ற கணக்கில்லை. ஒரே ஒரு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்பவருக்கும் அது உண்டு. உரிமையாளர் கட்டாயமாக எடுக்கும் மோட்டார் காப்பீட்டில் ஓட்டுநருக்கான இப்பொறுப்பும் அடங்கும். எனவே உண்மையான சம்பளத்தை உள்ளபடி எழுதுவதற்கு இந்தச் செலவை எண்ணி உரிமையாளர் தயங்க வேண்டியதில்லை.

இனி நாம் செய்யத்தக்கவை எவை? ஓட்டுநரைக் குடும்பத்தில் உடைய நாம், நடைக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கப் பழக வேண்டும். புறப்பட்ட நாள், சேர்ந்த நாள், காத்திருந்த நாள், பெற்ற முன்பணம், பெற்ற பேட்டா ஆகியவற்றை எழுதினால் போதும். சம்பளத்தை வங்கிக் கணக்கு வழியாகப் பெறுவது நல்லது. நாளை ஊதியத்துக்குச் சான்று தேவைப்பட்டால் அந்த ஏடே பேசும். அமைப்புசாராத் தொழிலாளர்க்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் பெயரைச் சேர்க்கலாம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அட்டை உடையவர்கள், ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தால் தங்கியிருக்கும் மாநிலத்திலேயே தானியம் பெறலாம். 2022ஆம் ஆண்டு முதல் எல்லா மாநிலங்களும் இதில் சேர்ந்துள்ளன.

லாரி செட்டில் கணக்கெழுதும் நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. பேட்டா பேசும்போது, ஆண்டுக்கு ஒருமுறை விலைக் குறியீட்டைப் பார்த்துத் திருத்துவோம் என்று உரிமையாளரும் ஓட்டுநரும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். குறியீட்டை வெளியிடுவது அரசாங்கம். ஆதலின் இருவருக்கும் சண்டைக்கு இடமில்லை. சரக்கு அனுப்புவோரிடம், டீசல் ஏறினால் வாடகை இவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. டீசலுக்கு அத்தகைய ஏற்பாடு நியாயமாயின், அரிசிக்கும் பருப்புக்கும் அதே நியாயம் பொருந்தாதா? காத்திருக்கும் நாளுக்குக் கம்பெனியிடம் ஹால்ட்டிங் தொகை வாங்கினால், அதில் ஒரு பங்கு வண்டியோடு காத்திருந்தவருக்குச் சேர வேண்டும் என்பதும் அதே நியாயத்தின்பாற் பட்டதே.

2024 ஜனவரித் தொடக்கத்தில் ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் வண்டிகளை நிறுத்தினர். மோதிவிட்டுத் தகவல் தராமல் சென்றால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய குற்றவியல் சட்டப் பிரிவை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அது. அப்பிரிவின் நியாயாநியாயத்தை ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கமன்று. ஆனால் அந்த இரண்டு நாளில் பெட்ரோல் பங்குகளின் முன் நீண்ட வரிசையில் நின்றபோது, அத்தொழிலாளர் இல்லையேல் நகரம் எவ்வளவு விரைவில் திகைத்து நிற்கும் என்பதைக் கண்கூடாகக் கண்டோம். 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. வரவேற்கத்தக்க செயல். எனினும் குளிர்ந்த அறையில் அமர்ந்து ஓட்டுபவர் மனத்தில், ஊரிலிருந்து வரும் பள்ளிக் கட்டண நினைவூட்டல் வெப்பத்தை மூட்டிக்கொண்டிருந்தால் பயன் பாதியே.

ஓட்டுநர்கள் பலர் தம் மக்களை இத்தொழிலுக்கு விடமாட்டோம் என்கின்றனர். தொழிலின் மீது வெறுப்பால் அன்று, கணக்கு ஒத்துவராமையால். அக்கணக்கைச் சரிசெய்வது உரிமையாளர், சரக்கு அனுப்புவோர், அரசாங்கம் ஆகிய மூவர் கடமை. பண்டத்தை வாங்கும் நமக்கும் அதில் ஒரு பங்குண்டு. ஒரு கிலோ வெங்காயத்தின் விலையில் ஓட்டுநரின் கூலியாக அமைவது மிகச் சிறிய பகுதி. அப்பகுதி சற்று ஏறினால் நமக்கு அது பெரிய பாரமாகாது. அவருக்கோ, அது ஒரு நாள் இரவு நிம்மதியாகக் கண்ணுறங்கும் உரிமை.

நாளைக் காலை நம் தெருமுனைக் கடையில் லாரி வந்து நிற்கும்போது, இறக்கிய சரக்கை நோக்கும் நம் கண் அதை ஓட்டி வந்தவர் முகத்தையும் ஒருமுறை நோக்கட்டும். அவர் தமிழராயின் ஊர்ப் பேச்சு இரண்டு பேசுவோம். பிற மொழியினராயின் ஒரு குவளைத் தண்ணீர் தருவோம். அவருடைய கூலிக்கணக்கு பற்றி நான்கு பேர் கூடுமிடத்தில் பேசுவோம். பேசினால்தான் கணக்கு திருந்தும்.